அயிரைத் தொட்டி

ஜானகிராமனின் நீச்சல் குளத்தில் பிள்ளைகளை மூன்று நிலைகளாகப் பிரித்து வாசல் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். நீச்சல் சொல்லிக்கொடுக்கிற தமிழரசு அந்தப் பலகையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் கோவில்பதாகை ஏரியில் நீந்திப் பழகிய ஆள். கம்பியைப் பிடித்துக்கொண்டு காலடிக்கிற பொடிசுகளுக்கு அவர் வைத்த பெயர் அயிரை. மிதக்கும் பலகையோடு குறுக்கே போய் வருகிறவர்கள் கெண்டை. ஆழத்தில் குதிக்கிறவர்கள் விரால். அயிரைக்கு மஞ்சள் குல்லா, கெண்டைக்கு நீலம், விராலுக்குச் சிவப்பு. கெண்டையும் விராலும் பெரிய குளத்தில். அயிரைகளுக்கு மட்டும் ஓரமாகத் தனித் தொட்டி. பெரியவர்கள் நின்றால் தொடைக்கு மேல் ஏறாத தண்ணீர்.

அந்த மே மாதம் தினமும் காலையில் நான் தினகரனின் இரண்டு பிள்ளைகளையும் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் அம்மா தாட்சாயிணி அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கிற கம்பெனிக்கு முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவாள். தினகரன் அதற்கும் முன்னால் தண்ணீர் லாரியை எடுத்துக்கொண்டு போயிருப்பான். அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறவள் நான். பிள்ளைகள் என்னை மாடியம்மா என்பார்கள்.

சின்னவன் கிஷோருக்கு ஆறு வயது. பத்து நாளைக்குள் மஞ்சள் குல்லாவைக் கழற்றிவிட்டு நீலம் வாங்கிவிட்டான். பெரியவள் கிருஷ்ணப்பிரியாவுக்குப் பத்து வயது. மஞ்சள் குல்லா மாட்டிக்கொண்டு, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நடுவில், தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருப்பாள். பாதம் மட்டும் தண்ணீரில் இருக்கும்.

"இன்னா பிரியா, இன்னிக்காவது எறங்குவியா? இல்ல, கொக்கு மாரி கரையில குந்திகினு இருப்பியா?" என்பார் தமிழரசு.

"நாளைக்கி எறங்குறேன் சார்."

"நீ சொல்ற நாளைக்கி என் காலண்டர்லயே வர மாட்டுதே."

பக்கத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற ஒரு பொடிசு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "அக்காவுக்கு ஜுரமா?" என்று கேட்டது. பெரிய குளத்திலிருந்து கிஷோர் கத்தினான்.

"அவ அயிரைகூட இல்ல சார். அயிரையாச்சும் தண்ணில இருக்கும்."

"டேய் கெண்ட, மூடிகினு பலகய புடி. அக்காவ பத்தி பேசுன, திரும்ப மஞ்ச குல்லா மாட்டி வுட்ருவேன்."

அவள் அழவில்லை. குல்லாவை இழுத்துக் காதுவரை விட்டுக்கொண்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போது நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

முந்தின டிசம்பரில் புயல் மழை பெய்தது. கோவில்பதாகைப் பக்கம் வீடுகள் பள்ளத்தில் இருக்கின்றன. தினகரனின் அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலம் அது. விடிகிற நேரத்தில் கீழ் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. தாட்சாயிணி சின்னவனைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டாள். பின்னால் தினகரன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மாடிப் படிக்குப் பக்கத்தில் கால் தடுக்கியதோ, கை வழுக்கியதோ, பிள்ளை தண்ணீருக்குள் போய்விட்டாள். கறுப்புத் தண்ணீர். அவன் இரண்டு கையாலும் துழாவினான். படியில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் குனிந்து, மேலே வந்த சடையைப் பிடித்து இழுத்துத் தூக்கினார். அவ்வளவுதான், ஒரு மூச்சு நேரம். ஆனால் அன்றிலிருந்து அவள் தலையில் தண்ணீர் படவிட்டதில்லை. கழுத்துக்குக் கீழேதான் குளியல். தலையைத் தாட்சாயிணி ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். மழை தூறினால் பள்ளிக்கூடம் கிடையாது.

என் வீட்டுக்காரர் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது ஊருக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். அவர்தான் ஏரிக்காற்று வருகிறது என்று இந்த மாடியைப் பிடித்தார். பிப்ரவரியில், நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டார். சாவு காரியமெல்லாம் தினகரன்தான் கூட நின்று செய்தான்.

தினகரன் வீட்டை விற்கப் போவதாக எனக்குத் தெரிந்தது மே மாத நடுவில். சாயங்காலம் நான் தண்ணீர்க் குடத்தை எடுக்கக் கீழே இறங்கினேன். கூடத்தில் பாடிப் பக்கத்திலிருந்து வந்த தரகர் திருவேங்கடம் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மனை சுத்தமா கீது, பட்டா சுத்தமா கீது. தண்ணி வர்ற எடம்னு மட்டும் எவனும் வாய தொறக்காதீங்க. வாங்குறவன் வெயில் காலத்துலயே பாத்து முடிச்சுரணும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாட்சாயிணி அடுப்படியில் நெத்திலிக் கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். பாத்திரம் விழுகிற சத்தம் தேவைக்கு மேல் கேட்டது. தரகர் போனதும் வெளியே வந்தாள்.

"அக்கா, நீயே கேளு. அம்பத்தூர்ல ரெண்டாவது மாடில ஊடு பாக்குறாராம். லாரிய எங்க நிறுத்துவாராம்? பால்கனிலயா?"

"நக்கல் அடிக்காத" என்றான் தினகரன்.

"நக்கல் இல்லய்யா, சந்தேகம் கேக்குறேன். ஒங்கப்பன் கட்டுன ஊடு. ஊர்ல எல்லாருக்கும்தான் தண்ணி வந்துச்சி. எல்லாரும் வித்துட்டா போயிட்டாங்க?"

"எல்லாரு புள்ளயும் தலைக்கி ஊத்திக்காமயா கீது?"

தினகரன் என்னைப் பார்த்தான்.

"நானும்தான் பாக்குறேன்க்கா. ஜானகிராமன் சார்கிட்ட சொல்லி நீச்சலுக்கு சேத்து வுட்டேன். சின்னவன் கெண்டயாயிட்டான். இவ காலயே நனச்சிகினு கீறா. இந்த மாசக் கடேசி வரைக்கும் பாப்பேன். அவ தல நனையலன்னா திருவேங்கடத்துக்கு சரின்னு சொல்லிருவேன். அடுத்த மயைக்கி இந்த ஊட்ல அவள வச்சிகினு என்னால ஒக்கார முடியாது."

"அவளுக்குப் பயம்னா பழகப் பழகச் சரியாயிரும்ப்பா" என்றேன்.

"அவளுக்கு மட்டுமா?" என்றான். குரல் இறங்கிவிட்டது. "நெமிலிச்சேரி தோட்டத்து போர்லருந்து டெய்லி லோடு லோடா தண்ணி ஏத்துறவன் நான். அந்த நீச்சல் கொளத்துக்கே நான்தான் தண்ணி ஊத்துறேன். அன்னிக்கி என் கைதான் நழுவிச்சி. ஒங்க ஊட்டுக்காரர் இல்லன்னா?"

கருவாடு தீய்கிற வாசனை வந்தது. தாட்சாயிணி உள்ளே ஓடினாள். நான் மாடிக்கு ஏறி வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அந்த வீடு விற்றுப்போனால் நானும் கிளம்ப வேண்டும். அது அவர்களுக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தாட்சாயிணி வேலைக்கு லீவு போட்டாள். "இன்னிக்கி நானும் வர்றேன்க்கா" என்று மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, ஒரு துணிப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். மற்ற பிள்ளைகள் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். தமிழரசு தொட்டியிலும் குளத்திலும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டு, பெரிய குளத்தில் விழுந்திருந்த வாதாம் இலைகளை வலையால் வாரிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் உடை மாற்றப் போனார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து குல்லாக்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். தாட்சாயிணி அயிரைத் தொட்டி ஓரமாகப் போய் நின்றாள். வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏரிக்கரையில் ஏழு கன்னிமார் கற்கள் இருக்கின்றன. தண்ணீரில் பயந்தவர்களைக் கன்னிமார் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள் என்பார்கள். அவர்கள் இறங்குகிற தண்ணீரில் மஞ்சள் கரைத்து விட்டு வேண்டிக்கொண்டால் பிடியை விட்டுவிடுவார்களாம். ஏரியில் இப்போது ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. பிள்ளை இறங்குகிற தண்ணீர் எது? இந்தத் தொட்டிதானே? தாட்சாயிணி சரியாகத்தான் யோசித்திருக்கிறாள். பையிலிருந்த தூக்குச்சட்டி நிறைய, மில்லில் அரைத்த மஞ்சளைக் கெட்டியாகக் கரைத்து எடுத்து வந்திருந்தாள். வேப்பிலையைப் போட்டு, மூன்று முறை சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டாள்.

கண்ணைத் திறந்தபோது தொட்டி சிவந்துகொண்டிருந்தது.

பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பு இருக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அந்த நிமிஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மூலையிலிருந்து சிவப்பு நூல் நூலாகக் கிளம்பி நடுத் தொட்டிவரை பரவியது. உள்ளே வந்த ஒரு தாய், "ஐயோ, எந்தக் கொயந்தைக்கி அடி பட்டுச்சி?" என்று அலறினாள். பின்னாலேயே வந்தவர்கள், முன்னால் ஓடிவிட்ட தங்கள் பிள்ளைகளைத் தேட ஆரம்பித்தார்கள். தமிழரசு வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அப்படியே தொட்டியில் குதித்தார். குனிந்து தேடினார். கையில் வேப்பிலை வந்தது. அதைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தூக்குச்சட்டியோடு நின்றவளைப் பார்த்தார்.

"அம்மாடி, இன்னா பண்ணி வச்சிகீற?"

"கன்னிமாருக்கு…" என்று ஆரம்பித்தவள் தூக்குச்சட்டியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

தமிழரசு நனைந்த சட்டையோடு விளிம்பில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "கொளத்துக்கே ஆலம் சுத்திட்டா சார்" என்றார், அதற்குள் வந்துவிட்ட ஜானகிராமனிடம்.

ஜானகிராமனுக்குச் சிரிப்பு வரவில்லை. "இது நீச்சல் குளமா, கோயில் குளமா? பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

"வெயில்ல ரெண்டு நாள் உட்டா தானா வெளுத்துரும் சார்."

"ரெண்டு நாளா? இப்பவே தொறந்து விடுங்க. கழுவிட்டு வேற தண்ணி ரொப்புங்க. தினகரனக் கூப்பிடுங்க, அவர் வீட்டம்மா செஞ்சது, அவரே கொண்டுவந்து ஊத்தட்டும்."

அயிரைகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய குளத்தில் மட்டும் பாடம் நடந்தது. பிள்ளைகளை விட வந்த பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து காது கேட்கவே பேசினார்கள்.

"மார்கழி வந்தா கொளத்துல கோலம் போடுவா போல."

"கொஞ்சம் உப்பும் மொளகாயும் போட்டிருந்தா கொயம்பாச்சும் ஆயிருக்கும்."

தாட்சாயிணி தலையைத் தூக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினாள். தரையில் பதித்த ஓடுகளில் படிந்திருந்த மஞ்சள் கறையைத் தேங்காய் நாரும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். நானும் இறங்கப் போனேன். "நீ வராதக்கா, ஒனக்கு முட்டி வலி" என்று தடுத்துவிட்டாள். தேய்த்தபடியே ஒரு தடவை தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விளிம்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த கிருஷ்ணப்பிரியா எழுந்தாள். படியில் கால் வைத்தாள். காய்ந்த படி. இறங்கி, தொட்டியின் நடுவில் போய் நின்றாள். பத்தொன்பது நாளாக அவள் கால் படாத இடம்.

"இன்னொரு நாரு குடும்மா."

"நீ போடி, வெயில்ல கறுத்துருவ."

"நான் அந்த மூலய தேய்க்கிறேன். நீ இந்தாண்ட வா."

அம்மாவும் மகளும் மண்டியிட்டுத் தேய்த்தார்கள். பாதி தேய்க்கும்போது கிருஷ்ணப்பிரியா, "கன்னிமாருக்கு மஞ்ச குல்லா போதாதுன்னு மஞ்சளும் குட்தியா?" என்று கேட்டாள். தாட்சாயிணி நாரால் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது. தினகரன் பின்பக்கக் குழாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது. மனைவியைத் திட்டத்தான் வாயைத் திறந்தான். தொட்டிக்குள் மகள் இருப்பதைப் பார்த்ததும் வாய் அப்படியே நின்றது.

"பிரியா, மேல வா. தண்ணி உடப் போறேன்."

"எங்கேருந்து தண்ணி நைனா?"

"நெமிலிச்சேரி தோட்டத்து போர். ஏன்?"

"சும்மா கேட்டேன். உடு."

"நீ ஏறும்மா மொதல்ல."

"கொஞ்சமா உடு நைனா. பாக்குறேன்."

அவன் தமிழரசைப் பார்த்தான். தமிழரசு கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நகர்ந்து போய் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் விளிம்பில் உட்கார்ந்தார். தாட்சாயிணி மேலே ஏறிவிட்டாள். தினகரன் குழாய் முனையிலிருந்த வால்வைப் பாதி திறந்தான்.

குழாய் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. கிருஷ்ணப்பிரியா எதிர்ச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் ஒவ்வொரு ஓடாகத் தாண்டி ஊர்ந்து வந்தது. அது எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று அவளால் பார்க்க முடிந்தது. குதிகாலைத் தொட்டதும் காலை இழுத்துக்கொண்டாள். பிறகு மறுபடி நீட்டினாள்.

"சூடா கீது" என்றாள்.

"வெயில்ல லாரி நின்னுச்சில்ல" என்றான் தினகரன்.

முட்டியை மூடியது. இடுப்புக்கு வந்தது. கிஷோர் பாடத்தை விட்டுவிட்டு நீலக் குல்லாவோடு வந்து நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தவனைத் தமிழரசு ஒரு பார்வை பார்த்தார். உப்பும் மிளகாயும் சொன்ன பெண்மணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏன்மா, அந்த பொண்ணுக்கு இன்னா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விடவே இல்லை.

மார்புக்கு ஏறியபோது பிள்ளைக்கு மூச்சு வேகமாக வந்தது. தினகரன் ஓடிப்போய் வால்வை மூடினான்.

"போதும்மா. நாளைக்கி பாத்துக்கலாம். எந்திரி."

அவள் எழுந்திருக்கவில்லை. ஏறுவது நின்றுவிட்ட தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். கரையில் நின்ற அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கை வால்வின் மேலேயே இருந்தது.

"நீதான உடுற?" என்றாள்.

"ஆமாம்மா."

"நான் சொன்னா நிறுத்துவியா?"

"ஒடனே நிறுத்துறேன்."

"அப்ப உடு."

அவன் திறந்தான். கழுத்து, தாடை. உதட்டுக்குக் கீழே தண்ணீர் ஆடியது. "நிறுத்து" என்றாள், அவன் நிறுத்தினான். மூச்சு வாங்கிக்கொண்டு, "உடு" என்றாள், திறந்தான். மறுபடி, "நிறுத்து." இப்படி எத்தனை தடவை என்று நான் பார்க்கவில்லை. கடைசியில் அவள் எதுவும் சொல்லவில்லை. மஞ்சள் குல்லாவைக் கழற்றி விளிம்பில் வைத்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, அப்படியே தண்ணீருக்குள் சரிந்தாள்.

தண்ணீர் அவள் முகத்துக்கு மேல் மூடிக்கொண்டது. சடை மட்டும் மிதந்தது. தினகரன் செருப்போடு தொட்டிக்குள் இறங்கிவிட்டான். அவன் போய்ச் சேர்வதற்குள் அவளே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தும்மினாள், துப்பினாள், கண்ணைத் தேய்த்தாள். நடுத் தொட்டியில் தொடைவரை நனைந்து கையை நீட்டிக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்து, "செருப்ப கயட்டு நைனா, இப்பத்தான் தேய்ச்சோம்" என்றாள்.

தமிழரசு எழுந்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பெரிய குளத்துப் பிள்ளைகளைப் பார்த்து, "இன்னா வேடிக்க, கால அடிங்கடா" என்று சத்தம் போட்டார். ஜானகிராமன் கணக்கறை வாசலில் நின்றிருந்தார். "இந்த லோடு தண்ணிக் காச தினகரன் தலையில கட்ட வேணாம், நாமளே குடுத்துரலாம்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு உள்ளே போனார்.

லாரியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. தொட்டி இன்னும் நிரம்பவில்லை. "அவ்ளோதானா?" என்று கேட்டாள் கிருஷ்ணப்பிரியா. தினகரனுக்கு அப்போது தொலைபேசி அடித்தது. எடுத்து, "திருவேங்கடம், இப்ப பேச முடியாதுபா. லோடு அடிக்கப் போறேன். ஊடா? இல்லபா, அத்த விக்கல" என்றான். அணைத்துவிட்டு ஈரக் காலோடு லாரியைப் பார்க்க நடந்தான். பாதி வழியில் திரும்பி வந்து, தாட்சாயிணியின் கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தான். "மில்லுல அரச்சது மொத்தமுமா போட்ட? கொயம்புக்கு இன்னா பண்ணுவ?" என்று கேட்டான். அவள் அவன் முதுகில் ஒரு குத்துக் குத்தினாள்.

அன்று சாயங்காலம் மாடியில் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே குளியலறையில் சொம்புச் சத்தம் கேட்டது. மொண்டு ஊற்றுகிற சத்தம், தலையிலிருந்து தரையில் சிதறுகிற சத்தம். நிற்கவே இல்லை. சீயக்காய் வாசனை படி ஏறி வந்தது. ஐந்து மாதத்து அழுக்கு அல்லவா? கிஷோர் வெளியிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"போதும்டி, டேங்க் காலியாயிரும்" என்று தாட்சாயிணி கத்தினாள். "தண்ணி லாரி ஓட்டுறவன் ஊட்டுலயே தண்ணி இல்லன்னு ஊரே சிரிக்கும்."

"இன்னும் ஒரே ஒரு சொம்பும்மா."

குழாய் காற்றை விடும் சத்தம் கேட்டது. நான் துணிகளை நாற்காலியில் போட்டுவிட்டுப் போய் மோட்டாரைப் போட்டேன்.